பெரிய நிறுவனங்களின் கணினி அறைக்குள் சிறிய நிறுவனங்கள்: சட்டம் திறந்த வாசலும் உடன் வரும் ஆபத்தும்

புது தில்லி: குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்திவரும் நயாரா எனர்ஜி நிறுவனம், 2025 ஜூலை இறுதியில் சில நாட்கள் தனது சொந்த மின்னஞ்சல்களையே திறக்க முடியாமல் தவித்தது. ஆலையில் பழுது எதுவும் ஏற்படவில்லை. உரிமங்களுக்கான கட்டணம் முழுமையாகச் செலுத்தப்பட்டிருந்ததாகவும் அந்நிறுவனம் கூறியது. ரஷியாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனம் நயாராவில் 49.13 சதவீதப் பங்குகளை வைத்திருப்பதுதான் சிக்கலின் வேர். ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18-ஆம் தேதி அறிவித்த தடைப் பட்டியலில் நயாராவின் பெயர் இடம்பெற்றது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் தனது சேவைகளை நிறுத்தியது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய சில நாட்களில் சேவைகள் மீண்டும் வழங்கப்பட்டன. இதற்கிடையே மின்னஞ்சல் தேவைக்கு அந்நிறுவனம் நாடியது, மும்பையைச் சேர்ந்த ரீடிஃப் நிறுவனத்தை.

இந்திய இணையத்தின் தொடக்க காலத்தில் வீட்டுக்கு வீடு அறியப்பட்டிருந்து, பின்னர் பெரும்பாலானோர் மறந்துபோன பெயர் ரீடிஃப். உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்று விலகிய இடத்தை ஒப்பீட்டளவில் மிகச் சிறிய அந்த நிறுவனம் நிரப்பியது, இந்திய நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளில் ஒரு கேள்வியை எழுப்பியது. கணக்கு, அஞ்சல், ஊதியப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எனத் தொழிலின் நாடி நரம்புகள் யாவும் ஓடும் மென்பொருள் யாருடையது என்பதே அக்கேள்வி.

அரசின் எதிர்வினை விரைவாக இருந்தது. 2025 செப்டம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தாம் சோஹோ மென்பொருளுக்கு மாறுவதாக அறிவித்தார். அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷாவும் சோஹோ மின்னஞ்சலுக்கு மாறினார். சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், சோஹோ உருவாக்கிய தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளதாகச் செய்திகள் வெளியாயின. ஆயினும் 1996-இல் தொடங்கப்பட்டு, 2022-இல் ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைக் கடந்துவிட்டதாக அறிவித்த சோஹோவைச் சிறு நிறுவனம் என்று சொல்வதற்கில்லை. தலைப்புச் செய்திகளில் இடம்பெறாத வேறொரு கூட்டமே வணிகக் கணினிப் பயன்பாட்டின் அன்றாடப் போக்கை மாற்றி வருகிறது. ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பெரிய நிறுவனங்களைவிடச் செம்மையாகச் செய்யும் சிறு நிறுவனங்கள் அவை.

ஸ்பேனர் கடையில் பிறந்த வழக்கம்

இந்த வழக்கம் புதிதன்று. 1986-இல் பெங்களூரில் ஆலைகளுக்கான உதிரிபாக வணிகம் செய்துவந்த எஸ்.எஸ்.கோயங்கா, தமது கணக்கைப் பார்த்துக்கொள்ளத் தோதான மென்பொருள் கிடைக்காமல், ஒன்றை எழுதித் தருமாறு மகன் பரத் கோயங்காவிடம் கேட்டார். அதுவே பின்னர் டேலி ஆனது. கணினியைத் தொட்டிராத கணக்குப் பிள்ளையும் குறியீடுகளை மனப்பாடம் செய்யாமல், பேரேட்டில் எழுதுவதுபோலவே பதிவு செய்யலாம் என்பதே அதன் வெற்றிக்கு அடிப்படை. அமெரிக்க அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருளுக்கு இந்தியக் கடை வீதியின் பேரேடு தெரியாது. தெரிந்தவர் எழுதினார், சந்தை அவரிடம் சென்றது.

டேலிக்குப் பிந்தைய தலைமுறைக்கு வாசலைத் திறந்துவிட்டது சட்டம். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, வரி விகிதங்களைப் பற்றியே பெரும்பாலும் பேசப்பட்டது. வணிகரின் கணினியும் அரசின் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அன்று உருவானது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. அந்தக் கட்டாயம் முழு உருவம் பெற்றது மின் விலைப்பட்டியல் முறையில்தான்.

2020 அக்டோபர் 1-ஆம் தேதி, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும் இ-இன்வாய்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. மூன்று மாதங்களில் அந்த வரம்பு 100 கோடியாகக் குறைந்தது. 2021 ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அதே ஆண்டு அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடி என்று இறங்கியது. ஆக, 34 மாதங்களில் வரம்பு நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பெருநிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு மட்டுமே உரிய தலைவலியாக இருந்தது, லூதியாணாவின் பின்னலாடைக் கூடத்துக்கும் ராஜ்கோட்டின் உதிரிபாகப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது.

நடைமுறை இதுதான். விற்பவரின் மென்பொருள், விலைப்பட்டியலின் விவரங்களைக் குறிப்பிட்ட வடிவத்தில் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். தளம் சரிபார்த்து, 64 எழுத்துகள் கொண்ட பதிவெண்ணையும் மின் கையொப்பமிட்ட க்யூஆர் குறியீட்டையும் திருப்பி அனுப்பும். அந்த எண் இல்லாத பட்டியல், இந்த விதிக்கு உட்பட்ட நிறுவனத்தைப் பொருத்தவரை செல்லுபடியாகும் பட்டியலே ஆகாது. வாங்குபவரின் உள்ளீட்டு வரி வரவும் சிக்கலுக்குள்ளாகும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பட்டியல் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்ற கெடுவும் சேர்ந்துகொண்டது.

சில விநாடிகளில் முடியவேண்டிய இந்தப் போக்குவரத்தை, லாரி வாசலில் நிற்கும்போது இணையம் தடைபட்டாலும் குழப்பமின்றி நடத்திக் கொடுப்பதுதான் வணிகருக்குத் தேவை. அதைச் செய்து கொடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. 2023-இல் அரசின் தேசிய தகவலியல் மையத்துக்கு வெளியே நான்கு தனியார் பதிவுத் தளங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டபோது, பன்னாட்டு நிறுவனமான எர்ன்ஸ்ட் அண்ட் யங்குடன் கிளியர், அகமதாபாத்தின் சிக்னெட், மும்பையின் ஐரிஸ் ஆகியவையும் அதே வரிசையில் இடம்பெற்றன. வரி நிர்வாகத்தின் ஒரு முக்கியக் கண்ணி இவ்வாறு நடுத்தர, சிறிய நிறுவனங்களின் கைக்கு வந்தது. இது நடந்தபோது எவரும் இதைத் தொழில்நுட்பப் புரட்சி என்று அழைக்கவில்லை. ஆனால் மேடைகளில் அறிவிக்கப்படும் பல புரட்சிகளைவிட இதன் வீச்சு பெரிது.

கொள்முதல் குழுவைத் தாண்டி வந்தவர்கள்

மற்றொரு வகை நிறுவனங்கள் சட்டத்தின் வழியே நுழையவில்லை. பொறியாளர்களின் மேசை வழியே நுழைந்தன. ஒரு மென்பொருள் மற்றொன்றுடன் பேசும் இணைப்பை ஏபிஐ என்கின்றனர். அந்த இணைப்புகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை சலிப்பூட்டுவது. அதை எளிதாக்க அபினவ் அஸ்தானா 2012-இல் தமது பயன்பாட்டுக்காக எழுதிய சிறு கருவி, குரோம் உலாவியின் இணைப்பாக வெளியாகிப் பரவியது. 2014-இல் பெங்களூரில் போஸ்ட்மேன் என்ற நிறுவனமாக உருப்பெற்றது. 2021-இல் அதன் மதிப்பு 560 கோடி டாலராகக் கணக்கிடப்பட்டது.

மும்பையில் 2011-இல் தொடங்கப்பட்ட பிரவுசர்ஸ்டேக்கின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஓர் இணையதளம் ஒரு கைப்பேசியில் சரியாகவும் மற்றொன்றில் கோணலாகவும் தெரியும். எல்லாக் கைப்பேசிகளையும் வாங்கி அடுக்கிவைத்துச் சோதிப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. அந்தக் கருவிகளைத் தானே வாங்கி வைத்து, இணையவழி வாடகைக்கு விட்டது பிரவுசர்ஸ்டேக். ஏழு ஆண்டுகள் வெளி முதலீடு இன்றியே நடந்து, 2018-இல்தான் முதன்முறையாக முதலீட்டாளர்களை அனுமதித்தது. 2021-இல் அதன் மதிப்பு 400 கோடி டாலர்.

இவ்விரண்டிலும் கவனிக்கவேண்டியது மதிப்பு அன்று, விற்ற விதம். முன்பு ஒரு மென்பொருள் பெருநிறுவனத்துக்குள் நுழைய, கொள்முதல் குழு, ஒப்பந்தப்புள்ளி, மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை என நீண்ட படிகள் இருந்தன. இவர்களோ பொறியாளர் ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்தனர். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். ஒரு நாள் தமது ஊழியர்களில் பாதிப்பேர் அதைப் பயன்படுத்துவதை நிர்வாகம் கண்டுகொண்டபோது, கட்டணம் செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. சென்னையில் 2010-இல் தொடங்கி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டு 100 கோடி டாலருக்கு மேல் திரட்டிய ஃபிரெஷ்வொர்க்ஸும் சிறு வாடிக்கையாளர்களிடமிருந்தே மேலேறியது.

ஒரு சர்வரின் ஓட்டை, 300 வங்கிகளின் தவிப்பு

வந்த வாசல் எளிதாக இருந்தால், ஆபத்தும் அதே வாசலில் வரும். 2024 ஜூலை 31-ஆம் தேதி, தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் கணினிச் சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம், பிணைத்தொகை கேட்டுத் தரவுகளை முடக்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கலாம் என்றும், தாக்குதல் பரவாமலிருக்க அதன் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது என்றும் அது தெரிவித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ உள்ளிட்ட சேவைகளைப் பயன்படுத்த முடியவில்லை. மறுநாள் இணைப்பு மீட்கப்பட்டது.

சி-எட்ஜ் யாரும் அறியாத நிறுவனம் அன்று. டாடா கன்சல்டன்சி சர்வீசஸும் பாரத ஸ்டேட் வங்கியும் இணைந்து நடத்துவது. ஆனால், தாக்குதல் தொடங்கியது அதன் சர்வரில் அல்ல, அதனுடன் பணியாற்றிவந்த மற்றொரு சிறிய நிறுவனத்தின் சரியாக அமைக்கப்படாத சர்வரில்தான் என்று இணையப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான கிளவுட்செக் பின்னர் தெரிவித்தது. இதைக் கண்டறிந்ததாகக் கூறிய கிளவுட்செக்கும் 2015-இல் உருவான, பெரிதல்லாத ஒரு நிறுவனம் என்பது இக்கதையின் மறுபக்கம். ஓட்டை விட்டதும் சிறியது, ஓட்டையைச் சுட்டியதும் சிறியது.

நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் அந்த 300 வங்கிகளின் பங்கு மிகக் குறைவு என்பதால் செய்தி விரைவில் அடங்கியது. ஆனால் அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் சிறு விவசாயிகளும் ஆவர். பெருநகர வாடிக்கையாளருக்கு இன்னொரு வங்கிச் செயலி கைப்பேசியிலேயே இருக்கும். கிராமத்தில் அந்த ஒரு வங்கிதான் வங்கி. சதவீதக் கணக்கில் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

இதற்குப் பன்னிரண்டு நாட்கள் முன்னர்தான், ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு மேம்படுத்தலால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்ட காட்சி பலருக்கு நினைவிருக்கும். அங்கு தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. ஒரே கண்ணியை எல்லோரும் நம்பியிருந்ததுதான் நடந்தது.

இத்தகைய ஆபத்தைக் கட்டுப்படுத்தவே ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாருக்கு ஒப்படைப்பது குறித்த நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பணியை யாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு வங்கியினுடையதே. ஒப்பந்ததாரரை மட்டுமின்றி அவரது துணை ஒப்பந்ததாரரையும் தணிக்கை செய்யும் உரிமை வேண்டும். உறவு முறிந்தால் வெளியேறும் திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். அதற்கு முந்தைய ஆண்டே, கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன், இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் உத்தரவிட்டிருந்தது.

விதிகள் தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 20 பேர் பணியாற்றும் நிறுவனமும் 20 ஆயிரம் பேர் பணியாற்றும் நிறுவனமும் அதே படிவங்களை நிரப்பி, அதே தணிக்கைக்குப் பணம் செலவிட வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு செர்ட்-இன் அளித்த சலுகை 2022 செப்டம்பர் 25 வரையிலான அவகாசம் மட்டுமே. வங்கிகளின் கொள்முதல் அதிகாரி இத்தகைய சூழலில் என்ன செய்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று. தவறு நேர்ந்தாலும் தம்மைக் கேள்வி கேட்காத பெரிய பெயரையே அவர் தேர்ந்தெடுப்பார். பாதுகாப்புக்கான விதி, கவனக்குறைவான சிறு நிறுவனத்தை மட்டுமன்றிக் கவனமான சிறு நிறுவனத்தையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது.

மேல் மாடி நம்முடையது, அடித்தளம்?

நயாரா விவகாரம் எழுப்பிய கேள்விக்கு, இந்திய மென்பொருளை வாங்கினால் போதும் என்பது அரைகுறையான விடை. பெரும்பாலான இளம் நிறுவனங்கள் சொந்தமாக சர்வர் வைத்திருப்பதில்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் கிளவுட் சேவையை வாடகைக்கு எடுத்தே நடத்துகின்றன. அமேசானின் தரவு மையங்கள் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும் தொடங்கப்பட்டன. தரவு இந்திய மண்ணில் இருக்கிறது. ஆனால் சேவையை நிறுத்தும் பொத்தான் இருக்குமிடம் வேறு. மைக்ரோசாஃப்ட் நயாராவுக்குச் செய்ததை ஒரு கிளவுட் நிறுவனம் செய்தால், அதன்மேல் இயங்கும் இந்திய மென்பொருளும் சேர்ந்தே நிற்கும். சோஹோ சொந்தத் தரவு மையங்களை நடத்துவதால் இந்த விஷயத்தில் விதிவிலக்கு. அந்த வழியில் செல்லும் பணபலம் புதிதாகத் தொடங்குவோருக்கு இல்லை.

பணம் என்ற சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு: வந்துசேர வேண்டிய பணம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். இது ஏட்டளவில் இருந்ததால், உரிய காலத்தில் தராத தொகையைச் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது என்ற பிரிவு வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. 2025 ஏப்ரலில் மாற்றப்பட்ட வரையறையின்படி, 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளது சிறு நிறுவனம் என்பதால் பெரும்பாலான மென்பொருள் தொழில்முனைவோர் இதற்குள் வருவர். பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொண்டு சட்டத்தைச் சுட்டிக்காட்டும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு விஷயம்.

இருக்கைக் கணக்கு செல்லுபடியாகுமா?

செயற்கை நுண்ணறிவு இந்த நிறுவனங்களின் வருவாய்க் கணக்கையே கலைத்து வருகிறது. இதுவரை மென்பொருள் விற்கப்பட்டது ஊழியர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில். வாடிக்கையாளர் புகார்களுக்கு விடையளிக்க 100 பேர் இருந்தால் 100 கட்டணம். விடையளிக்கும் வேலையில் பாதியை இயந்திரமே செய்துவிட்டால் 50 கட்டணம்தான். தனது மென்பொருள் சிறப்பாகச் செயல்படுவதாலேயே விற்பனையாளரின் வருமானம் குறையும் விசித்திரமான நிலை இது. எனவே, ஒவ்வொரு உரையாடலுக்கும் அல்லது தீர்க்கப்பட்ட ஒவ்வொரு புகாருக்கும் கட்டணம் என்ற முறைக்கு நிறுவனங்கள் நகர்கின்றன. ஃபிரெஷ்வொர்க்ஸ் 2024 நவம்பரில் தனது ஊழியர்களில் சுமார் 13 சதவீதத்தினரைக் குறைப்பதாக அறிவித்தது.

புதியவர்களுக்கு இதில் வாய்ப்பும் உண்டு. பெங்களூரில் 2023-இல் தொடங்கப்பட்ட சர்வம் ஏஐ, இந்திய மொழிகளில் பேசும் இயந்திரங்களை உருவாக்குகிறது. 2025 மார்ச்சில் ஆதார் ஆணையம், பயனாளிகளிடம் அவர்களது மொழியிலேயே குரல்வழிக் கருத்துக் கேட்கும் பணிக்கு இந்நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. தமிழ் உள்ளிட்ட மொழிகள் இதில் அடங்கும். தரவு எதுவும் வெளியே செல்லாமல் ஆணையத்தின் சொந்தக் கட்டமைப்புக்குள்ளேயே அந்த மென்பொருள் இயங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த மாதமே, 10,372 கோடி ரூபாய் மதிப்பிலான இந்தியா ஏஐ திட்டத்தின்கீழ், உள்நாட்டு மொழி மாதிரியை உருவாக்கும் முதல் நிறுவனமாகவும் சர்வம் தேர்வானது. விலையுயர்ந்த கணினிச் சில்லுகளை அரசே திரட்டிச் சலுகை வாடகையில் கொடுப்பது இத்திட்டத்தின் மையம். இரண்டு வயது நிறுவனம் ஒன்று, சில்லுகளின் விலையால் தோற்காமல் போட்டியில் நிற்க இதுவே வழி.

வளர்ந்த பின் இந்நிறுவனங்கள் எங்கே செல்கின்றன என்பது மற்றொரு கவலை. போஸ்ட்மேனின் தலைமையகம் இன்று சான்பிரான்சிஸ்கோவில் உள்ளது. ஃபிரெஷ்வொர்க்ஸும் அமெரிக்காவில் பதிவான நிறுவனமே. வாடிக்கையாளரும் முதலீட்டாளரும் அங்கே இருக்கும்போது இதைக் குறைகூற முடியாது. ஆயினும் காற்றின் திசை சற்றே மாறியுள்ளது. இணையவழி விற்பனையாளர்களுக்கான மென்பொருளை வழங்கும் யூனிகாமர்ஸ், 2024 ஆகஸ்டில் இந்தியப் பங்குச் சந்தைகளிலேயே பட்டியலிடப்பட்டது; அதன் பங்கு வெளியீட்டுக்கு 168 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன.

அடுத்த வாசலும் சட்டத்தின் வழியாகவே திறக்கவிருக்கிறது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், அறிவிப்பிலிருந்து 18 மாதங்களில், அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். அதற்கு முன்பே, 12 மாதங்களில் நடைமுறைக்கு வருவது ஒப்புதல் மேலாளர் என்ற புதிய ஏற்பாடு. ஒருவர் எந்தெந்த நிறுவனத்துக்குத் தமது தரவைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்துள்ளார் என்பதை ஓரிடத்தில் காட்டி, வேண்டாதபோது திரும்பப் பெற உதவும் இடைநிலை நிறுவனம் இது. தன் வழியே செல்லும் தரவைத் தானே படிக்க முடியாதபடி அது செயல்பட வேண்டும். நிதித் துறையில் ரிசர்வ் வங்கி 2016-இல் வகுத்த கணக்குத் திரட்டி முறையின் வழித்தோன்றல் இது. அங்கும் குறைந்தபட்ச நிதியாக 2 கோடி ரூபாய் போதும் என்று வைத்ததால்தான், ஃபின்வு, ஒன்மணி போன்ற சிறு நிறுவனங்கள் வங்கிகளுக்கு நடுவே அமர முடிந்தது.

ஒப்புதல் மேலாளருக்கும் குறைந்தபட்ச நிகர மதிப்பு அதே 2 கோடி ரூபாய். விண்ணப்பிக்கும் நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. பதிவுக்கான பிரிவு 2026 நவம்பரில் நடைமுறைக்கு வருகிறது.